மூன்று சில்லுக் காரும் முதற் பாடும்

நாரந்தனையில் சில்வெஸ்ரரைத் தெரியாதவர்கள் இல்லை. நானூறு படகாவது அவர் கைபட்டுக் கடலுக்குப் போயிருக்கும். ஊர் அதையெல்லாம் மறந்துவிட்டு அவர் செய்த ஒரேயொரு காரைப் பிடித்துக்கொண்டது. 'கார்க்காரச் சில்வெஸ்ரர்' என்றால்தான் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அப்படி யாராவது கூப்பிட்டால் அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். ஊரின் வாய் அப்படி. ஒருவனுக்கு எங்கே நோகுமோ அங்கேயே பார்த்துப் பட்டப்பெயரை வைக்கும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் அவருக்கும் அல்போன்சம்மாவுக்கும் கலியாணம் நடந்தது. அப்போது அவர் தகப்பன் யாக்கோப்பரோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். நாலு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, நேர்ந்து, அழுது பெற்ற பிள்ளைதான் ஞானசவுந்தரி. அவளுக்கு இரண்டு வயதானபோது நாடு முழுக்க ஒரு காய்ச்சல் திரிந்தது. பிள்ளைகளின் கால்களைத் தேடிப் பிடித்த காய்ச்சல். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. விட்டபோது சவுந்தரியின் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

பிள்ளை இரவில் புரண்டு படுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. இரவில் கடலுக்குப் போகிறவன் எப்படிப் பிள்ளையைப் பார்ப்பது? சில்வெஸ்ரர் சில வருடங்கள் இழுபட்டுப் பார்த்தார். அறுபத்தெட்டில் வலையை மச்சானிடம் கொடுத்துவிட்டு, ஊர்காவற்றுறைத் துறைக்கு அக்கரையில் புதிதாகத் தொடங்கிய படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். மரப் படகு அல்ல, பைபர் படகு. கடற்கரையில் நின்றவர்களுக்கு அது பெரிய பகிடி. “கடலிலை போறவன் இப்ப கரையிலை நிண்டு படகைத் தடவுறான்” என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொழுதுபட வீட்டுக்கு வந்தால் மகள் இருப்பாள், அது போதும் அவருக்கு.

பைபர் வேலை அவருக்குக் கைவந்தது. முதலில் மரத்தாலும் சாந்தாலும் ஓர் உருவம் செய்வார்கள். அதைக் கண்ணாடிபோலத் தேய்த்து, மெழுகு பூசி, அதன்மேல் ஓர் அச்சு எடுப்பார்கள். பிறகு அந்த அச்சுக்குள் நார்ப்பாயை விரித்து றெசினைப் பூசிக் காயவிட்டால் படகு. ஒரு அச்சிலிருந்து எத்தனை படகும் எடுக்கலாம். முதலாவது போனால் என்ன, அச்சு இருந்தால் இரண்டாவது தானாக வரும். இந்த எண்ணம் அவருக்குள் நன்றாக ஊறிப்போயிற்று. ஊறாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது சொல்லி என்ன பயன்?

சவுந்தரி பன்னிரண்டு வயதுவரை பள்ளிக்கூடம் போனாள். காலையில் தகப்பன் சைக்கிளின் பின்கரியரில் அவளை இருத்தி, விழாமல் ஒரு சால்வையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஊர்காவற்றுறைக் கன்னியர் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் துறைக்குப் போவார். பெரியபிள்ளையானதும் அவள் மாட்டேன் என்றுவிட்டாள். தகப்பன் முதுகில் கட்டுண்டு போவதைத் தெருவில் நின்றவர்கள் பார்த்த பார்வை அவளுக்குத் தெரியும். பஸ்ஸிலும் ஏறமாட்டாள். கொண்டக்டர் தூக்கி ஏற்ற வேண்டும் என்பது ஒன்றே அவளுக்குப் போதும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவளுக்கு மேலே ஆளில்லை. அந்தப் பிள்ளை வீட்டுக்குள் இருந்து அடுத்தவர்களின் கொப்பிகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சில்வெஸ்ரரின் தலைக்குள் கார் புகுந்தது.

அது இறக்குமதி எல்லாம் நின்றுபோன காலம். வெளியிலிருந்து புதுக் கார் என்று ஒன்றும் வராது. தீவில் ஓடிய பழைய கார்களோ உப்புக்காற்று பட்டு அடித்தகடெல்லாம் அப்பளமாகிக் கிடந்தன. பைபருக்குத் துரு இல்லை. மணலில் புதைந்தால் இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். இதெல்லாம் சரிதான், காலால் மிதிக்காமல் காரை எப்படி ஓட்டுவது? அதற்கு வழி சரவணையில் தம்பிராசா வீட்டு மாட்டுக்கொட்டிலில் கிடந்தது. தம்பிராசா கமக்காரர், சில்வெஸ்ரரோடு ஒன்றாகப் படித்தவர். ஒரு ஸ்கூட்டர் வைத்திருந்தார். அதிலிருந்து விழுந்து தோள்மூட்டு விலகிய நாளோடு அதைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்.

“ஸ்கூட்டருக்குக் கியரும் கையிலை, கிளச்சும் கையிலை. பிறேக்கும் உதைச்சு ஸ்ரார்ட் பண்ணுறதும்தான் காலிலை. அதுகளையும் கைக்கு மாத்திப்போட்டால் என்ரை பிள்ளை ஓடும்” என்றார் சில்வெஸ்ரர்.

“நீர் அதைக் கொண்டுபோம். பார்க்கப் பார்க்க எனக்குத் தோள் நோகுது” என்றார் தம்பிராசா.

இரண்டு வருடம் போயிற்று. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் பொழுதுபடும்வரை அதே வேலைதான். பட்டறை முதலாளி நல்ல மனுசன். மிஞ்சிய நார்ப்பாயையும் வாளியடியில் கிடந்த றெசினையும் எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார். உருவத்தைத் தேய்த்தது பாதிக்கு மேல் சவுந்தரி. நிலத்தில் இருந்துகொண்டு, நகர்ந்து நகர்ந்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு அரத்தாளால் தேய்ப்பாள். தகப்பன் விரலால் தடவிப் பார்த்துப் “போதும்” என்பார். அவள் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு “போதாது” என்பாள்.

எழுபத்தைந்து தவக்காலத்தில் கார் எழும்பி நின்றது. முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒன்று. மேலே கூரை. ஸ்ரியறிங்குக்குப் பதிலாக ஸ்கூட்டரின் கைபிடி. முன்பக்கத்தில், படகுக்கு எழுதுவதுபோலவே, நீலப் பெயின்ற்றால் 'ஞானசவுந்தரி' என்று எழுதியிருந்தார். ஊர் திரண்டு வந்து பார்த்தது. பார்த்துவிட்டுச் சும்மா போகுமா? “கார் எண்டு சொல்லச் சில்லு காணாது, சைக்கிள் எண்டு சொல்லக் கூரை கூடிப்போச்சு” என்றார் ஒருவர். முதல் மழைக்கு இன்னொரு கூத்து நடந்தது. யன்னலால் அடித்த மழை உள்ளே முழங்கால் அளவு நின்றது. படகு செய்த கை அல்லவா, அடியில் ஒரு துவாரமும் விடாமல் செய்து வைத்திருந்தார்! வெளித்தண்ணீரை உள்ளே விடாத மனுசன் உள்தண்ணீரையும் வெளியே விடவில்லை. பிறகு படகுக்குப் போடுவதுபோல ஓர் ஓட்டையைப் போட்டு, பித்தளையில் திருகி இறுக்கும் ஓர் அடைப்பானையும் கடைந்து வைத்தார். சவுந்தரி அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அல்போன்சம்மா குசினிக்குள் நின்று அழுதாள்.

பாஸ்குத் திருநாள் கழிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய திங்கட்கிழமை சவுந்தரி தானாகக் காரை எடுத்தாள். தகப்பன் சைக்கிளில் பின்னால் போனார். முதல் கால் மைல் கூடவே போக முடிந்தது. பிறகு கார் முந்திவிட்டது. அவர் மிதித்துப் பார்த்தார், மூச்சு வாங்கிற்று. தெருவோரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பனைகளுக்கிடையில் அந்த வெள்ளைக் கூரை சின்னதாகிச் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னை விட்டுவிட்டு அவள் போகிறாள் என்பதில் ஒரு தகப்பனுக்கு அவ்வளவு சந்தோசம் இருக்க முடியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. நின்ற இடத்திலேயே அழுதார்.

பதினேழு பள்ளிக்கூட நாள் அப்படிப் போயிற்று. பள்ளிக்கூட வாசலில் சிநேகிதி ஜசிந்தா சவுந்தரியின் ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு நிற்பாள். பொலிஸ்காரர் ஒருவர் ஒருநாள் மறித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, இதை எந்த வாகனம் என்று எழுதுவது என்று பிடிபடாமல் “கவனமாப் போ பிள்ளை” என்று விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு மார்கழியில் பெரிய சோதனை. அதில் நன்றாகச் செய்தால் கணக்கு ரீச்சராகலாம் என்று பள்ளிக்கூட மதர் சொல்லியிருந்தார்.

பதினெட்டாம் நாள் குலசிங்கம் வந்தார்.

குலசிங்கம் வேலணைக்காரர். கொழும்பில் கைத்தொழில் சம்பந்தப்பட்ட ஓர் அரசாங்கக் கந்தோரில் எஞ்சினியர். கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்தவர், தெருவில் காரைக் கண்டு பின்னாலேயே வீடுவரை வந்துவிட்டார். கெட்ட மனுசன் அல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். உடுப்பு ஊத்தையாவதைப் பாராமல் காருக்கடியில் படுத்துப் பார்த்தார். எழும்பியபோது அவருடைய கண் மின்னிக்கொண்டிருந்தது.

“அண்ணை, இது எங்கடை நாட்டுக்கெண்டே செய்த வண்டி. கால் ஏலாத ஆக்கள் நாடு முழுக்க இருக்கினம். எங்கடை கந்தோர் இதை எடுத்துச் செய்யவேணும். நான் படம் கீறிக்கொண்டு போறன், போட்டோவும் எடுக்கிறன். அது காணும். வண்டி பிள்ளையோடையே நிக்கட்டும்.”

வண்டி நிற்கட்டும் என்றுதான் அவர் சொன்னார். சில்வெஸ்ரர்தான் கேட்கவில்லை.

இங்கே கடற்கரைப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். புதுப் படகோ புது வலையோ கடலுக்குப் போய்வந்தால் அதன் முதற் பாடு, அதாவது முதல் நாள் பிடித்த மீன், வீட்டுக்கு இல்லை. ஒரு மீன்கூட வீட்டுச் சட்டியில் வேகக்கூடாது. கோயிலுக்கோ இல்லாதவர்களுக்கோ கொடுத்துவிட வேண்டும். இரண்டாம் பாடுதான் வீட்டுக்கு. சில்வெஸ்ரர் சின்னவனாக இருந்தபோது யாக்கோப்பர் புதுப் படகின் முதற் பாட்டில் ஒரேயொரு அறக்குளாவை மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைத்தாய்ச்சி மனைவி ஆசைப்பட்டிருந்தாள். அந்த வருட வாடைக்காற்றில் படகு கல்லில் மோதிச் சிதறியது. காற்று அடித்தால் படகு உடையும்தான். ஆனால் யாக்கோப்பர் சாகும்வரை அந்த மீனைத்தான் சொல்லிச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

“படத்தைக் கொண்டுபோய் என்ன செய்வியள்? அங்கை இருக்கிறவை ஓடிப் பாத்தால்தானே நம்புவினம். வண்டியையே கொண்டுபோங்கோ தம்பி” என்றார் சில்வெஸ்ரர்.

“அப்ப பிள்ளை?”

“அச்சு என்னட்டை இருக்குது. இரண்டாவதைப் பிள்ளைக்குச் செய்யிறன். ஒரு எஞ்சின் மட்டும் அனுப்பிவிடுங்கோ.”

குலசிங்கம் அனுப்புகிறேன் என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அவர் போனபிறகு சவுந்தரி கதிரையில் இருந்தபடி கேட்டாள்: “இது இஞ்சையே நிண்டால் என்னப்பா?”

“முதற் பாட்டை ஆரும் வீட்டிலை வைக்கிறதே பிள்ளை? எங்கடை பிடிவாதத்தாலை உனக்கொரு தீங்கு வந்தால்? நீ ஓடேக்கை வண்டிக்கு ஒண்டு நடந்தால்? இரண்டாவது உனக்கு. அதை இதிலும் நல்லாச் செய்து தாறன்.”

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுடைய குணம். ஒருதரம்தான் கேட்பாள்.

அடுத்த கிழமை சில்வெஸ்ரரே காரைப் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் ரயில் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோய், கொழும்புக் கோச்சியில் ஏற்றிவிட்டு வந்தார். ஏற்றுமுன் கோயிலில் சுவாமியாரைக் கொண்டு தீர்த்தமும் தெளிப்பித்தார். முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

முதற் கடிதம் இரண்டு மாதத்தில் வந்தது. கொழும்பில் ஓடிப் பார்த்தார்களாம், எல்லோருக்கும் பிடித்துக்கொண்டதாம், ஐந்நூறு வண்டி செய்யலாம் என்று பேச்சாம். சில்வெஸ்ரர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, வியர்வையில் எழுத்துக் கரையும்வரை ஊரெல்லாம் காட்டினார். இரண்டாவது கடிதம், ஒரு குழு அமைத்திருக்கிறார்கள் என்று வந்தது. மூன்றாவதில், கோப்பு வேறொரு மந்திரியின் கந்தோருக்குப் போயிருப்பதாகவும், வண்டியைக் கார் என்பதா மோட்டார் சைக்கிள் என்பதா என்று அங்கே தீர்மானமாகவில்லை என்றும் இருந்தது. நாரந்தனைத் தெருவில் ஒரு பொலிஸ்காரர் ஒரு நிமிசத்தில் கைவிட்ட கேள்வியை அங்கே பதினாலு பேர் ஒன்றரை வருடம் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

எஞ்சின் வரவில்லை. நாட்டில் எங்கும் வாங்கவும் இல்லை. றெசினுக்கும் தட்டுப்பாடு வந்து, பட்டறையே வாரத்தில் மூன்று நாள்தான் நடந்தது. சவுந்தரி ஜசிந்தாவின் கொப்பிகளை வாங்கிப் பார்த்து எழுதினாள். பிறகு வகுப்பு வேறு பாடத்துக்குப் போய்விட்டது, அவளுக்கு விளங்கவில்லை. எழுபத்தாறு மார்கழியில் சோதனை வந்தது. தகப்பன் சால்வையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“நான் கொண்டுபோறன் வா பிள்ளை.”

“வேண்டாமப்பா. படிக்காமல் போய் என்னத்தை எழுதுறது?” என்றாள்.

எழுபத்தேழில் ஆட்சி மாறியது, இறக்குமதிக்குக் கதவு திறந்தது. கப்பல் கப்பலாக யப்பான் வாகனங்கள் வந்து இறங்கின. இனி உள்ளூர்க்காரின் கதை யாருக்கு வேண்டும்? கோப்பை மூடிவிட்டார்கள். குலசிங்கம் மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதிவிட்டு, சாம்பியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் தம்பிராசா ஓடி வந்தார். இப்போது ஸ்கூட்டர் எஞ்சின் கிடைக்கிறது, ஒன்று தேடித் தருகிறேன், அச்சுத்தான் இருக்கிறதே என்றார். சில்வெஸ்ரர் மகளின் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு வயது. முழங்காலில் துணியைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“இனி எங்கை போறதுக்கப்பா?” என்றாள். தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து சில்வெஸ்ரருக்கு ஒரே நினைப்பு. அந்த முதல் வண்டியையாவது திருப்பிக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்தவேண்டும். நிறுத்தினால் எல்லாம் சரியாகுமா என்று அவர் யோசிக்கவில்லை. அல்போன்சம்மா மறித்தாள். ஆட்சி மாறிய வருடம் தெற்கில் நடந்த கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த தமிழர்களின் கதை ஆறாமல் இருந்த நேரம், கொழும்புக்கு யார் விருப்பத்தோடு போவார்கள்? அவர் எழுபத்தொன்பது வைகாசியில் கோச்சி ஏறினார்.

கந்தோரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் அங்கே மர வாங்கில் குந்தியிருந்தார். கடைசியில் ஒரு வயதுபோன கிளாக்கர் நினைவு வந்தவராக, நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு களஞ்சியத்துக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அங்கே காவலாளி சிங்களவர். நல்ல மனுசன், தெரிந்த தமிழில் கதைத்துக்கொண்டு வளவின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

கார் அங்கே நின்றது. சில்லு இல்லை, எஞ்சின் இல்லை, கூரையை வெட்டி எடுத்திருந்தார்கள். புதுக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. மேசன்மார் அதற்குள் தண்ணீர் நிரப்பி வைத்து, வாளியால் அள்ளிச் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல தொட்டி ஐயா. இரண்டு வருசம், ஒரு சொட்டு ஒழுகயில்லை” என்றார் காவலாளி. பிறகு முன்பக்கத்து நீல எழுத்தைக் காட்டி, “இது என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

“என்ரை மகளின்ரை பேர்” என்றார் சில்வெஸ்ரர்.

காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சில்வெஸ்ரர் குனிந்து அடியைத் தடவினார். பித்தளை அடைப்பான் வைத்த இடத்தில் இறுக்கமாக இருந்தது. திருகினார். தண்ணீர் பாய்ந்து அவர் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. மேசன்மார் சத்தம் போட்டார்கள், காவலாளி கையைக் காட்டி அவர்களை அமர்த்தினார். கடைசிச் சொட்டு வடியும்வரை நின்றுவிட்டு, அடைப்பானை மட்டும் மடியில் செருகிக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பின்னேரம் சவுந்தரியின் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அடைப்பானை அவள் மடியில் வைத்தார். கண்டதை ஒன்றும் விடாமல் சொன்னார். அவள் அதை எடுத்து, பெருவிரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“முதற் பாட்டை வீட்டிலை வைச்சிருக்கலாம் பிள்ளை” என்றார் அவர். “மாதா ஒண்டும் சொல்லியிருக்கமாட்டா. நான்தான் பயந்துபோனன். உனக்கு ஒண்டும் வந்திடக்கூடாதெண்டு பயந்துபோனன்.”

சவுந்தரி கையை நீட்டித் தகப்பனின் நரைத்த தலையில் வைத்தாள்.

“நான் அண்டைக்குக் கேட்டனான் அப்பா” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அச்சு கோடிப்புறத்தில் கிடந்தது. ஒவ்வொரு வருடமும் மாரி தொடங்குமுன் அவர் அதைக் கவிழ்த்து வைத்து, மேலே கிடுகு போட்டு மூடுவார், இரண்டாவது வண்டிக்கு வேண்டுமே என்று. அந்த வருடம் அவர் கவிழ்க்கவில்லை. ஐப்பசி மழையில் அது விளிம்புவரை நிறைந்தது. தை பிறந்தும் தண்ணீர் அப்படியே நின்றது. அல்போன்சம்மா அதில் அள்ளி முருங்கைக்கு ஊற்றினாள்.